ஆறாவது மரை

பக்கத்துக் கடைக்காரன் என்கிற முறையில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஆதிநாராயணன் கெட்டவன் கிடையாது. ஜமுனாமரத்தூரில் ஜீப்புக்கு ஆக்ஸில் தேய்ந்தாலும், சாமை உடைக்கிற மில்லில் தண்டு முறிந்தாலும், பதினோரு வருஷமாக அவன் லேத்துதான் கதி. கண்ணமங்கலத்துப் பக்கமிருந்து ஒரு பழைய லேத்தையும் பெண்டாட்டியையும் லாரியில் ஏற்றிக்கொண்டு மலைக்கு வந்தவன். போளூர் ரோட்டில் அவன் பட்டறைக்கும், மோட்டாருக்குக் காயில் கட்டுகிற என் கடைக்கும் நடுவில் ஒரு தகரம்தான் சுவர். அவன் தும்மினால் இந்தப் பக்கம் நான் நூறு என்பேன். அதனால் அவன் வயிறு எரிய ஆரம்பித்ததும் எனக்குத்தான் முதலில் தெரிந்தது.

எரிச்சலுக்குக் காரணம் அவன் மனைவி திரௌபதி.

ஒன்பது வருஷம் அவளுக்குப் பட்டறையில் சாமான் எடுத்துக் கொடுப்பதும், இரும்புத் தூளைக் கூட்டுவதும், மத்தியானச் சோறு கொண்டுவருவதும்தான் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இவனுக்கு மூட்டு மூட்டாக வலிக்கிற காய்ச்சல் வந்து இருபது நாள் படுத்துவிட்டான். அந்த நேரம் பார்த்து வேலூர்ப் பையன் நவீன்குமார் ஒரு வீலைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றான். மண்மேட்டில் மோட்டார் சைக்கிளைப் பறக்கவிடுகிற ரேஸ்காரன் அவன். பிரேக் டிஸ்க்கைப் பிடிக்கிற ஆறு போல்ட்டில் மூன்றுக்கு மரை போய்விட்டிருந்தது. ரேஸ் வீலுக்கு அதுதான் வியாதி. நடுவில் இருக்கிற ஹப் அலுமினியம், போல்ட் இரும்பு. ரேஸுக்கு ரேஸ் கழற்றிக் கழற்றி மாட்டினால் ஓட்டைக்குள் இருக்கிற மரை உதிர்ந்துபோகும். அப்புறம் போல்ட்டைச் சுற்றினால் சுற்றிக்கொண்டே இருக்கும், இறுகாது.

திரௌபதி தரையில் சாக்கை விரித்து வீலைக் கிடத்தினாள். ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாகத் துளைத்தாள். டேப் என்கிற வெட்டாணியைக் கையாலேயே கொடுத்துப் புது மரை வெட்டினாள். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால், நடுநடுவே ஒரு சொட்டு மண்ணெண்ணெய். அந்த மரைக்குள் எஃகுக் கம்பிச் சுருளைத் திருகி உட்காரவைத்தாள். பேனாவுக்குள் இருக்கிற ஸ்பிரிங் அளவுதான் இருக்கும் அது. இனிமேல் போல்ட் அலுமினியத்தைத் தொடாது, எஃகில்தான் இறுகும். கடைசியாகப் போல்ட்டை இரண்டே விரலால் அடிவரை இறக்கிப் பார்த்துவிட்டு, சாமி படத்துக்கு முன்னாலிருந்த குங்குமத்தைத் தொட்டு ஹப்பின் மேல் ஒரு பொட்டு வைத்தாள். யாரிடம் கற்றாய் என்று கேட்டதற்கு, "ஒம்போது வருசமா பாத்துக்கினுதான இருந்தேன்" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நவீன்குமார் முதலாவதாக வந்தான். அதோடு விட்டதா? வேலூர், ஆரணி, ஓசூர் என்று வீல்கள் வர ஆரம்பித்தன. பொட்டு இல்லாத வீலை மாட்டமாட்டேன் என்கிற அளவுக்குப் பையன்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. போர்டில் இருப்பது 'ஸ்ரீ ஆதிநாராயணா லேத் ஒர்க்ஸ்'. போனில் வழி தேடினால் வருவது 'திரௌபதி அக்கா வீல் கடை'. எவனோ ஒருவன் அப்படிப் பதிந்து வைத்துவிட்டான். ஆதிநாராயணன் அதைத் தினமும் ஒரு தடவை எடுத்துப் பார்ப்பான். மாறியிருக்கிறதா என்று பார்க்கிறானோ என்னவோ.

மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம். அன்றைக்குச் சாமைச் சோறு, மாங்காய் போட்ட நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. வெளியே திரௌபதி ஒரு வீலோடு குந்தியிருந்தாள், சுற்றி நாலு பையன்கள்.

"இன்னா புருசு," என்றான் என்னிடம். "ஓட்டைக்குள்ள ஒரு ஸ்பிரிங்க வுட்டுத் திருகறது ஒரு வேலயா? நான் ஆறடி தண்டு கடையறேன். ஒருத்தனாவது போட்டோ புடிச்சானா?"

"புடிக்கலியே."

"தோ பாரு. அவ திருகறத நாலு பேரு நின்னு போன்ல படம் புடிக்கறான். இன்னா அது, கொழந்த பொறக்குதா அங்க?"

"ஒனக்குப் பொறாமடா."

"பொண்டாட்டி மேல எவனுக்குனா பொறாம வருமா?" சோற்றை உருட்டினான், வாயில் போடவில்லை. "ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு. வர்றவன் எல்லாம் என் மூஞ்சப் பாத்து, 'அக்கா இல்லீங்களா?'ன்றான் பாரு. அது மட்டும்தான். கொழம்புல உப்பு தூக்கலா கீது."

உப்பு சரியாகத்தான் இருந்தது. ஒருமுறை அவள் டேப்பை எடுத்துப் பழைய டயருக்குள் ஒளித்துவைத்தான். அவள் அரை நாள் தேடிக் கண்டுபிடித்து, "டேப்புக்குக் கால் மொளச்சிடுச்சி போல" என்று சிரித்ததோடு சரி. ஒவ்வொரு வேலை முடிந்ததும் அவனைக் கூப்பிடுவாள். "ஏங்க, நல்லா கீதா பாருங்க." இவன் எட்டிப் பார்த்து "ம்" என்பான். இரண்டு வருஷத்தில் அந்த ம்முக்கு மேல் ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

இதையெல்லாம் சொல்கிற நான் யோக்கியனா? எரிந்த மோட்டாருக்கு இருபத்தாறு வருஷமாகக் காயில் கட்டுகிறேன். மலை முழுக்க என் காயிலில்தான் தண்ணீர் ஏறுகிறது. ஓடுகிற மோட்டாரைப் பார்த்து, கட்டினவன் யாரென்று ஒருத்தன் கேட்டதில்லை. எனக்கும் வயிறு எரிந்தது. ஆனால் அவனைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால் என்னுடையது கொஞ்சம் அடங்கும். அதனால் அவனை நன்றாகப் பேசவிட்டேன்.

மே மாசம். பலாப்பழ வாசனை ஊரெல்லாம் அடித்தது. ராத்திரி ஒரு தூறல், பகலில் மண்டை பிளக்கிற வெயில். ஊருக்குக் கிழக்கே சாமை விதைப்புக்காகக் காத்துக் கிடந்த கரம்பில் ஞாயிற்றுக்கிழமை ரேஸ் என்று கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். திரௌபதி அண்ணன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு என்று வெள்ளிக்கிழமையே ஒரு முழுப் பலாப்பழத்தோடு கண்ணமங்கலத்துக்கு பஸ் ஏறிவிட்டாள். ஞாயிறு காலை வந்துவிடுவதாகச் சொல்லிப் போனாள்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு நவீன்குமார் வந்தான். இந்தத் தடவை வேறு வீல், முன் வீல். ஆறு மரையும் போய்விட்டிருந்தது.

"அக்கா இல்லீங்களாண்ணே?"

ஆதிநாராயணன் லேத்தை நிறுத்தினான். "வெளிய போய்க்கீறா. சாயங்காலம் வந்துடுவா. வெச்சிட்டுப் போ."

"போன் எடுக்கலண்ணே."

"விசேஷ வூட்டுல மைக்செட்டு அலறும். எப்டிக் கேக்கும்? காலையில வந்து வாங்கிக்க."

பையன் போனதும் நான் தகரத்தைத் தாண்டிப் போனேன். "சாயங்காலம் எங்கடா வர்றா? நாளைக்குதான வருவா?"

"தெரியும் இரு." அவன் ஏற்கெனவே சாக்கை விரித்திருந்தான். "நான் போடறேன். அவ போட்டதுன்னே எடுத்துக்கினு போவட்டும். ஜெயிச்சிட்டு வந்து 'அக்கா கை'ன்னு குதிப்பான் இல்ல? அப்ப சொல்றேன், அது அவ வேல இல்லடா, என் வேலன்னு. எவன் மூஞ்சி எப்டிப் போவுதுன்னு பாக்கணும்."

எனக்கும் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும், அவன் வேலைக்காரன். முதல் ஐந்து மரையும் நூல் பிடித்ததுபோல விழுந்தன. ஆனால் இரும்பையே கடைந்து பழகிய கை. இரும்பு முரண்டு பிடித்தால் இன்னும் அழுத்துவான், அது வழிக்கு வரும். ஆறாவது ஓட்டையில் டேப் கொஞ்சம் கனத்தது. அவள் என்றால் பின்னால் திருப்பி, தூளைத் தட்டி, மண்ணெண்ணெய் விட்டிருப்பாள். இவன் அழுத்தினான். அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு பம்புசெட் வந்துவிட்டது, எழுந்து போனேன். மூன்று மணிக்குத் திரும்பி வந்தபோது டிஸ்க் மாட்டியாகிவிட்டது. ஆறு போல்ட்டும் இறுகி இருந்தன. ஆதிநாராயணன் சாமி படத்துக்கு முன்னால் நின்று மோதிர விரலால் குங்குமத்தைத் தொட்டுக்கொண்டிருந்தான். ஹப்பில் பொட்டு வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

மறுநாள் ஏழு மணிக்கு நவீன்குமார் வந்து பொட்டைப் பார்த்தான், கும்பிட்டுவிட்டு வீலை எடுத்துப் போனான். பத்து மணி பஸ்ஸில் திரௌபதி இறங்கினாள். எனக்கு ஒரு பொட்டலம் அதிரசம் கொடுத்துவிட்டுப் பட்டறைக்குள் போனவள், இடம் மாறியிருந்த டப்பாவைத்தான் முதலில் பார்த்தாள்.

"ஏங்க, சுருள் டப்பாவ யாரு எடுத்தது?"

"நான்தான். நவீன் வீலு வந்துது. போட்டுக் குடுத்தேன்."

அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். நிஜமான சந்தோஷம். "நீங்களேவா? எத்தினி ஓட்ட?"

"ஆறும்."

"அய்ய, ஆறுமா போய்க்கீது?" சிரித்துக்கொண்டே டப்பாவைத் திறந்து விரலால் தள்ளித் தள்ளி எண்ணினாள். சிரிப்பு நின்றது. "பன்னெண்டு வெச்சிட்டுப் போனேன். அஞ்சிதான் கீது."

"அதான் ஆறு போட்டேன்னேனே."

"ஆறு போனா ஆறு இருக்கணும். ஏழாவது எங்க?"

"கீழ எங்கனா வுழுந்திருக்கும்."

அவள் குனிந்து கூட்டித் தள்ளியிருந்த தூளைக் கிளறினாள். அலுமினியத் தூளுக்கு நடுவில் அது கிடைத்தது. இழுபட்டு நீண்ட ஒரு சுருள், அதன் வளையங்களில் அலுமினியம் பிய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து வந்து அவன் வலது கையைப் பிடித்துத் திருப்பினாள். நகக்கண்ணில் சாம்பல் நிறத்தில் காய்ந்த பசை. இரண்டு டப்பாவைக் கலந்து குழாய் விரிசலுக்குப் பூசுவோமே, அந்தப் பசை.

"பசை வெச்சி ஒட்டுனீங்களா?"

"கல்லு மாதிரி புடிச்சிக்கிச்சி. நானே இறுக்கிப் பாத்தேன்."

"சும்மா நிக்கிற வண்டியில கல்லுதான். நாலு வாட்டி பிரேக்கப் புடிச்சா டிஸ்க்கு அடுப்பாட்டம் காயும். பசை எளகும். போல்ட்டு வெளிய நீட்டிக்கினு வீலப் புடிச்சிக்கினு நிக்கிற போர்க்குல மாட்டும். வீலு அப்டியே நின்னுடும். புள்ள தூக்கி அடிச்சிக்கினு வுழுவான்." மூச்சு விட்டாள். "பொட்டு? அதுவும் வெச்சீங்களா?"

அவன் மோதிர விரலைச் சட்டையில் துடைத்தான். தூரத்தில் கரம்புப் பக்கம் மைக்கில் பெயர்களை வாசிப்பது கேட்டது. அவள் கத்தியிருந்தால் தேவலாம். மெதுவாகத்தான் சொன்னாள்.

"போங்க. போய் நீங்களே சொல்லி நிறுத்துங்க. எனக்கு டேப்பு, ட்ரில்லு எல்லாம் எடுத்து வெக்கணும். நான் ஜீப்புல பின்னால வர்றேன். புருசண்ணா, இவர இட்டுக்கினு போ."

என் மொபெட்டில் ஏறினான். பலாப்பழ வண்டிகளை ஒதுக்கி ஒதுக்கிப் போக வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி வளைவு தாண்டியதும் காதருகே குனிந்தான்.

"புருசு, நீயே சொல்லேன்."

"இன்னான்னு?"

"அக்கா சொல்லி அனுப்புச்சி, ஒரு மரை சரியா வுழல, கழட்டச் சொல்லுச்சின்னு."

"அவ போட்டதுன்னா?"

"யாரு போட்டதுன்னு எதுக்குச் சொல்லணும்? பொட்டு கீதுல்ல. புள்ளயும் பொழச்சான்."

நான் வண்டியை நிறுத்தினேன். எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. "எறங்குடா. நீயெல்லாம் ஒரு ஆம்பளயா? நடந்து போ."

"இல்ல இல்ல. வுடு, நானே சொல்றேன்." என் தோளைப் பிடித்துக்கொண்டான். வண்டியைக் கிளப்பினேன். நியாயஸ்தன் என்கிற நினைப்பில் எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தே இருந்தது.

கரம்பில் செம்மண் புழுதி ஆளுயரத்துக்கு நின்றது. பெட்ரோல் நாற்றம், ஐஸ் வண்டி, மரத்தில் ஏறி உட்கார்ந்த கூட்டம். பன்னிரண்டு வண்டிகள் வரிசையாக உறுமிக்கொண்டிருந்தன. கொடி தூக்கியாகிவிட்டது. ஆதிநாராயணன் கயிற்றுக்கு அடியில் புகுந்து ஓடினான். அவ்வளவு வேகமாக அவன் ஓடி நான் பார்த்ததில்லை. நவீன்குமார் வண்டிக்கு முன்னால் போய் நின்று இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்தான்.

"நிறுத்து. வீலு சரியில்ல. கழட்டு."

விசில் ஊதினார்கள், திட்டினார்கள், கொடியை இறக்கினார்கள். நவீன்குமார் ஹெல்மெட்டைக் கழற்றினான். "இன்னாண்ணே? அக்கா போட்டதாச்சே. பொட்டு கீதே."

"அவ போடல. நான் போட்டேன். பொட்டும் நான்தான் வெச்சேன். ஆறாவது மரை பிச்சிக்கிச்சி, பசை வெச்சி ஒட்டிட்டேன்."

சொல்லிவிட்டான். என் காதால் கேட்டேன். வார்த்தை மாறாமல், முழுசாக.

நவீன்குமார் அவனையே பார்த்தான். பிறகு பக்கத்தில் இருந்த இன்னொரு ரேஸ்காரன் சிவசங்கரைப் பார்த்தான். சிவசங்கர் மெல்லச் சிரித்தான்.

"அண்ணே, அக்கா தப்புப் பண்ணிட்டாங்களா?" என்றான் நவீன்குமார்.

"இல்லடா. நான்தான்."

"புரியுதுண்ணே. வுடுங்க."

"டேய், நான் போட்டதுடா!" அவன் ஸ்பேனரைப் பிடுங்கி அங்கேயே டிஸ்க்கைக் கழற்றினான். ஆறாவது ஓட்டையில் இருந்ததைக் குறடால் பிடித்து இழுத்தான். சுருளும் பசையும் சேர்ந்து சொத்தைப் பல் மாதிரி வந்தது. தூக்கிக் காட்டினான். "பாரு. இப்டி அழுத்திப் பிய்க்கிற கை எங்கூட்டுல ஒண்ணுதான் கீது. அது என்னுது."

"விசேஷத்துக்குப் போய்ட்டு வந்த அசதியில போட்டிருப்பாங்க" என்றான் நவீன்குமார். குரலில் கோபம்கூட இல்லை, வருத்தம்தான். "ஆனா நீ கிரேட்டுண்ணே. இத்தினி பேரு எதுர்ல பொண்டாட்டி தப்ப தன் தலயில போட்டுக்கறதுக்கு ஒரு மனசு வேணும்."

"தப்ப மறைக்காம ஓடியாந்து என் நண்பன் உசுர காப்பாத்துனாரே, அதச் சொல்லு" என்றான் சிவசங்கர். யாரோ கை தட்டினார்கள். ஒரு நாற்காலி வந்தது. ஒரு கூல்டிரிங்ஸ் பாட்டில் வந்தது. ஆதிநாராயணன் "இல்லப்பா" என்றான். இரண்டாவது தடவை "இல்லப்பா" என்றபோது சத்தம் குறைந்திருந்தது. நாலைந்து பையன்கள் போனைத் தூக்கினார்கள். அவன் படம் பிடிக்கிறவர்களை நிமிர்ந்து பார்த்தான். மூன்றாவது தடவை பாட்டிலை வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

நான் நாலடி தள்ளித்தான் நின்றேன். சனிக்கிழமை ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தவன். ஒரு வார்த்தை போதும், முடிந்திருக்கும். ஆனால் எனக்குப் பின்னால் இரண்டு பேர், அக்கா கையும் தப்புதே, இனிமே ஓசூர்லயே குடுத்துக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்க எனக்கு இனித்தது. இன்னும் கொஞ்சம் பேசட்டும் என்று இருந்தது. வேறு காரணம் எதையும் நான் கண்டுபிடித்துச் சொல்லப் போவதில்லை.

நெல்லிவாசல்நாட்டுக்குப் போகிற ஜீப் ஓரமாக நின்று திரௌபதியை இறக்கிவிட்டது. சாமான் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கயிற்றைத் தாண்டி வந்தாள். கழற்றிப் போட்டிருந்த வீலைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது. "கழட்டிட்டீங்களா? கொண்டா, அர மணி நேரத்துல போட்டுடறேன்."

"வேணாங்க்கா. வேற வீலு மாட்டிக்கினேன்" என்றான் நவீன்குமார். அவளை நேராகப் பார்க்கவில்லை. "பரவால்லக்கா. தப்பு எல்லாருக்கும் நடக்கறதுதான்."

"நான் போடலியே. எங்கூட்டுக்காரரு போட்டது. அவரு சொல்லல?"

"சொன்னாருக்கா." சிவசங்கர்தான் பேசினான். "ஒங்களுக்காக எல்லாத்தையும் அவரு மேல போட்டுக்கினாரு. நீங்களும் அவரு மேலயே போடறீங்களேக்கா."

திரௌபதி பெட்டியைக் கீழே வைத்தாள். நாற்காலியில் இருந்தவனைப் பார்த்தாள். "சொல்லுங்க."

"சொன்னேன்மே" என்றான், பாட்டிலைப் பார்த்துக்கொண்டே. "நம்ப மாட்றானுங்க."

"இன்னொரு வாட்டி சொல்லுங்க."

அவன் பாட்டிலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"புருசண்ணா. நேத்து இவரு போடும்போது நீ பட்டறையிலதான இருந்த? நீ சொன்னா நம்புவாங்க. சொல்லுண்ணா."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆதிநாராயணனும் பார்த்தான். இருபத்தாறு வருஷத்தில் இத்தனை பேர் என் வாயைப் பார்த்து நின்றது அன்றைக்குத்தான்.

"நான் நேத்து கடைய தெறக்கலம்மா. போளூர் போய்ட்டிருந்தேன்" என்றேன்.

திரௌபதி குனிந்து பெட்டிக்குக் கொக்கி போட்டு இடுப்பில் எடுத்து வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் என்னை அண்ணா என்று கூப்பிட்டதில்லை.